தொட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு

பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்:

"இருபது வயதான என் மகன், கல்லூரி நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, இரவு பத்தரை மணிக்கு மேல் ஒரு பேரங்காடியின் பின்புறக் குப்பைத் தொட்டிகளிலிருந்து உணவுப் பொருள்களை எடுத்து வருகிறான். ரொட்டி, தயிர், கீரை, முட்டை என்று தொடங்கி, போன வாரம் உறைந்த கோழித் துண்டுகள் வரை வந்துவிட்டது. பார்க்க எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. கோழியை இன்னும் சமைக்கவில்லை, ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். 'குப்பையில் கிடந்தது எச்சில், என் அடுப்பில் ஏறக்கூடாது' என்கிறார் மாமியார். 'இந்த மாடியிலேயே பசியோடு படுக்கிறவர்கள் இருக்கிறார்கள், தூக்கி எறிந்ததுதான் பாவம்' என்கிறான் மகன். இவற்றைச் சாப்பிடலாமா? எடுப்பது குற்றமா? எங்கள் மாடியில் உள்ள சில குடும்பங்களுக்கும் சேர்த்து முறையாகப் பெற வழி உண்டா?"

சகோதரி, முதலில் அந்தக் கோழி. இன்றிரவே இரண்டு பைகளில் இறுகக் கட்டி எறிந்துவிடுங்கள். மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம்.

உறைந்த கோழி ஏன் தொட்டிக்கு வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. பை கிழிந்ததால் எறிந்திருக்கலாம். கடையின் ஃப்ரீசர் பழுதாகி மதியம் முழுவதும் உருகிக் கிடந்ததால் எறிந்திருக்கலாம். முதலாவது என்றால் பெரிய ஆபத்து இல்லை. இரண்டாவது என்றால் நஞ்சு. உங்கள் ஃப்ரீசரில் மறுபடி உறைந்த பிறகு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஃப்ரீசர் கெட்டதை நல்லதாக்குவதில்லை. வந்த நிலையில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான்.

நான் பிறை நகரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பத்தொன்பது ஆண்டுகள் தரக் கண்காணிப்பாளராக இருந்தவன். லோரி லோரியாக உணவை அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது வாரத்தில் மூன்று நாள், கடைகளில் மிஞ்சுவதைச் சேகரித்துப் பகிரும் ஒரு சிறு குழுவோடு சுற்றுகிறேன். பாவக் கணக்கை நேர் செய்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள். இரு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் உங்கள் மகன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவன் போகிற நேரம்தான் தவறு. பத்தரைக்குப் போகாமல் ஒன்பதரைக்குப் போகவேண்டும். தொட்டிக்குப் போகாமல் கதவுக்குப் போகவேண்டும்.

உணவு கெட்டிருக்கிறதா என்பதில் கண்ணும் மூக்கும் சொல்வது பாதிதான். மீதிப் பாதி, அது எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் கிடந்தது என்பதில் இருக்கிறது. அதற்குச் சாட்சி கடை ஊழியர் ஒருவர்தான். "தயிரை இப்போதுதான் சில்லரில் இருந்து எடுத்தோம்", "இந்தக் கீரை காலையிலிருந்து வெளியே இருந்தது" என்று அவரால் சொல்ல முடியும். பொருள் தொட்டிக்குள் விழுந்ததும் அந்தச் சாட்சியை இழந்துவிடுகிறோம்.

பாக்டீரியாக்களுக்குப் பிடித்த சூடு ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை. கெட்டுப்போகக்கூடிய உணவு அந்த எல்லைக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொதுவான விதி. 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர்ப் பகல் வெப்பத்தையும், மூடி போட்ட இரும்புத் தொட்டியின் உட்புறத்தையும் நினைத்துப் பாருங்கள்.

"கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடும்" என்று பலர் என்னிடம் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன், அதுவும் இந்தத் தொழிலில் இருந்துகொண்டே. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, வாங்க வந்தவர் வேண்டாம் என்று விட்டுப்போன தொங்கோல் சூரை மீன் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செவுள் சிவப்பாக இருந்தது, வாடை இல்லை. புளி தூக்கலாகப் போட்டுக் குழம்பு கொதித்தது. சாப்பிட்ட அரை மணியில் என் அம்மாவுக்கு முகமும் கழுத்தும் சிவந்து தடித்தன. எனக்குத் தலைவலி, நெஞ்சுப் படபடப்பு. ஏதோ ஒவ்வாமை என்றே நினைத்தோம். மருத்துவமனையில்தான் விளங்கியது, அது ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிர் குறைந்த இடத்தில் கிடந்தால் பாக்டீரியாவின் வேலையால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். அது கொதிக்கும் குழம்பில் அழியாது, உறையவைத்தாலும் அழியாது. பாக்டீரியா சாகும், அது விட்டுவைத்த நஞ்சு குழம்பிலேயே இருக்கும். ஆறிக் கிடந்த சோற்றில் வளரும் பசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் வாந்தி நஞ்சும் இதே ரகம், மறுபடி சூடாக்குவதால் போகாது.

ஆகவே மீன், கோழி, இறைச்சி, இறால், சமைத்த உணவு, வெட்டிய பழப் பொட்டலம், புதிதாகப் பிழிந்த சாந்தான் (தேங்காய்ப் பால்) ஆகியவற்றைத் தொட்டியிலிருந்து எடுக்கவே கூடாது, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். பாலும் தயிரும் அப்படியே. தயிர் புளிப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் மூடி உப்பியிருந்தால் பேச்சே இல்லை. கையில் வாங்கிய தயிர் என்றால் வேறு. சில்லரிலிருந்து ஐஸ் பெட்டிக்கு நேராக வந்திருந்தால், தேதி முடிய ஒரு நாள் இருக்கும் தயிரை நான் மோராகக் குடிப்பேன்.

ரொட்டியில் ஒரு புள்ளி பூஞ்சை தெரிந்தாலும் முழுத் துண்டுகளையும் எறியுங்கள். மேலே தெரிவது பூ மட்டும்தான். வேர் போன்ற இழைகள் மெத்தென்ற ரொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். முட்டைக்கோஸ், கேரட் போன்ற கெட்டியான காய்களில் பூஞ்சை பிடித்த இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மற்றதைச் சமைக்கலாம். கச்சான் (வேர்க்கடலை), சோளம், மிளகாய் வற்றலில் பூஞ்சை வாடை வந்தால் வறுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு சமையல் சூட்டுக்கு அசையாது. 1988 அக்டோபரில் பேராக்கில் லோ சீ ஃபன் நூடுல்ஸ் சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தது என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. அந்தச் சம்பவத்திலும் இந்தப் பூஞ்சை நஞ்சுதான் சுட்டப்பட்டது.

முளைத்த வெங்காயம் நல்லது, தாராளமாகப் போடுங்கள். பச்சை பிடித்த, நிறைய முளைவிட்ட உருளைக்கிழங்கு வேண்டாம். முட்டை தண்ணீரில் மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பது அதன் வயதைச் சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. ஓடு விரிசல் விட்டதைத் தொடாதீர்கள். டின் உப்பியிருந்தால், விளிம்புத் தையலில் நசுங்கியிருந்தால், துரு பொத்துவிட்டிருந்தால் எறியுங்கள். வயிற்றுப் பக்கம் லேசாக அமுங்கிய டின் சரிதான், ஆனால் திறக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வண்டு விழுந்த அரிசியை எறிகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம். முறத்தில் இட்டுப் புடைத்து வெயிலில் காட்டினால் முடிந்தது வேலை. நம் பாட்டிகள் இதற்கு யாரிடமும் ஆலோசனை கேட்டதில்லை.

பொட்டலத்தின் தேதிக்கு வருவோம். 'பாய்க் செபெலும்', அதாவது 'இந்தத் தேதிக்கு முன் நல்லது' என்பது தரத்தைக் குறிக்கும்: அதற்குப் பிறகு பிஸ்கட்டின் மொறுமொறுப்பு குறையலாம், காப்பியின் மணம் குறையலாம். 'தாரிக் லுபுட்', அதாவது காலாவதித் தேதி, வேறு. குளிரில் வைக்கும் பொருள்களில் அதை மதியுங்கள், குழந்தைப் பால்மாவில் ஒரு நாள்கூடத் தாண்டாதீர்கள். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின் கீழ் கடைகள் இந்தத் தேதிகளுக்குக் கட்டுப்பட்டவை. காலாவதியானதை விற்றால் குற்றம். அதனால்தான் கடைக்காரர்கள் தேதிக்கு ஓரிரு நாள் முன்பே அலமாரியைக் காலி செய்துவிடுகிறார்கள். அந்த ஓரிரு நாள்தான் நமக்கு வேண்டிய இடைவெளி.

தொட்டிக்கு இன்னும் ஒரு குறை உண்டு, எலி. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நம் நாட்டில் அரிதான நோய் அல்ல. கையில் ஒரு சிறு கீறல் போதும். உடைந்த கண்ணாடி, கொட்டிய தரை துடைக்கும் திரவம், யாரும் எடுக்கக்கூடாது என்று வேண்டுமென்றே ஊற்றிய பிளீச் எல்லாம் அதே தொட்டியில்தான். உங்கள் மகன் வெறுங்கையோடு துழாவுகிறானா என்று கேளுங்கள்.

இனி மாமியார். அவரை நீங்கள் பழங்காலத்து ஆள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நம் மொழி மீந்த உணவை நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. வாய்பட்டது எச்சில். பானையில் எஞ்சியது மிச்சம். நீர் ஊற்றி மூடி வைத்தது பழையது. எச்சிலை இன்னொருவருக்குக் கொடுப்பது அவமானம். மிச்சத்தைக் கொடுப்பது வழக்கம். பழையதோ, தோட்டப்புறங்களில் விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்களின் பசியாறல். அதில் இழிவு எதுவும் இல்லை. பேரங்காடி எறிகிற ரொட்டி இந்த மூன்றிலும் சேராது. யார் வாயும் படவில்லை, யார் பானையிலும் இருந்ததில்லை, யாரும் அதை நாளைக்கென்று எடுத்து வைக்கவுமில்லை. அதற்கு நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை, ஏனென்றால் உண்ணத்தக்கதை உண்ணப்படாமலே குப்பையாக்கும் பழக்கம் நம் சமையலறையில் இருந்ததில்லை. ஆகவே 'எச்சில்' என்ற சொல் பொருந்தாது. ஆனால் எச்சில் என்று அவர் அஞ்சுவது, எங்கிருந்து வந்தது, எவர் கை பட்டது என்று தெரியாததைத்தான். நான் மேலே சாட்சி என்று சொன்னதும் அதைத்தான். கதவருகே கைமாறி வாங்கிய முட்டைக்கோஸை அவர் அடுப்பில் ஏற்றுவார் என்றே நினைக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

எடுப்பது குற்றமா? நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் ஒரு பொருள் எறியப்பட்டுவிட்டால் யாருடையதும் அல்ல என்று உங்கள் மகன் நினைப்பது ஆபத்தான எண்ணம். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 378ஆம் பிரிவு, ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு நகர்த்துவதைத் திருட்டு என்கிறது. வேலிக்குள், கடையின் வளாகத்தில் நிற்கும் தொட்டி இன்னும் கடையின் வசம்தான் என்று வாதிட இடமிருக்கிறது. வேலி தாண்டினால் அத்துமீறல் பேச்சும் வரும். நோக்கம் என்ன என்று பிறகு நீதிமன்றத்தில் விளக்கலாம்தான். ஆனால் இருபது வயதுப் பையன் இரவு பதினோரு மணிக்குக் காவல் நிலையத்தில் அமர்ந்து அதை விளக்குவது யாருக்கு வேண்டும்?

முறையான வழிக்குச் சட்டமே துணை இருக்கிறது. 2020ஆம் ஆண்டு உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 826, அந்த ஆண்டு மார்ச் 31 முதல் நடப்பில் உள்ளது. நல்லெண்ணத்தோடு, விலை வாங்காமல், தன் கையை விட்டுப் போகும்போது பாதுகாப்பாக இருந்த உணவைக் கொடுத்தவர் மீது, பிறகு யாருக்காவது வயிறு கெட்டது என்று இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுப்பதிலிருந்து அது காப்பாற்றுகிறது. கெட்டது என்று தெரிந்தே கொடுத்தவருக்கு இந்தக் கவசம் கிடையாது. பல கடை மேலாளர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. "யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?" என்று அவர்கள் தயங்கும்போது நீங்கள் எடுத்துக்காட்ட வேண்டியது இதைத்தான்.

யாரிடம் கேட்பது? காசாளரிடம் கேட்காதீர்கள், அவர் பாவம், முடியாது என்று சொல்லத்தான் அவருக்கு அதிகாரம். பெரிய சங்கிலிக் கடையில் காய்கறிப் பிரிவுக் கண்காணிப்பாளரைத் தேடுங்கள். பதில் தலைமையகத்திலிருந்து வர வேண்டியிருக்கும், வாரங்கள் ஆகும். அதற்குள், சொந்தமாக நடத்தும் சிறு மளிகைக் கடை, ரொட்டிக் கடை, ஆயர் ஈத்தாம் சந்தைக் காய்கறிக்காரர் என்று தொடங்குங்கள். அங்கே முதலாளி எதிரிலேயே நிற்பார், இப்போதே ஆமாம் என்பார் அல்லது இல்லை என்பார். சனி, ஞாயிறு போகாதீர்கள். வேலை நாளில் காலை பத்து, பதினோரு மணி நல்ல நேரம்.

மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் கொண்டுபோங்கள். உங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் பெயர், பொறுப்பேற்கும் இருவரின் தொலைபேசி எண், எந்த நாள் எத்தனை மணிக்கு வருவீர்கள், எதை எல்லாம் வாங்கமாட்டீர்கள், எதையும் விற்கமாட்டீர்கள், சட்டம் 826. இவ்வளவு போதும். 'வாங்கமாட்டோம்' என்கிற வரியை விட்டுவிடாதீர்கள். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று நீங்களே எழுதியிருப்பதைப் பார்த்தால்தான், இவர்களுக்கு விஷயம் தெரியும் என்று மேலாளருக்கு நம்பிக்கை வரும். எனக்கு முதல் கதவு திறந்தது அந்த ஒரு வரியால்தான்.

அதைவிட முக்கியம், சொன்ன நேரத்துக்குப் போவது. ஒரு நாள் நீங்கள் வராவிட்டால் கடைக்காரர் அந்தக் கூடையை இரண்டாம் முறை தொட்டிக்குத் தூக்க வேண்டும். மூன்று முறை அப்படி நடந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின்னால் கேட்டு வருகிற எல்லோருக்கும் கதவு சாத்தப்படும்.

கடைகளில் ஏன் இவ்வளவு மிஞ்சுகிறது என்று மகன் கோபப்படுவான். கொஞ்சம் விளக்குங்கள். வலைப்பையில் பத்து எலுமிச்சை இருந்து ஒன்று பூஞ்சை பிடித்தால் முழுப் பையும் போகும். பிரித்து மறுபடி கட்டும் ஆள்கூலி எலுமிச்சையை விட அதிகம். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே முடிந்த மறுநாள் மாண்டரின் ஆரஞ்சுப் பெட்டிகள் அநாதையாகிவிடும். இரவு ஒன்பது மணிக்கும் அலமாரி நிறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் யார்? நாம்தான். பின்வரிசையில் கைவிட்டுப் புதுத் தேதி ரொட்டியை இழுக்கிறவரும் நாம்தான். நானும் இழுத்திருக்கிறேன், பழைய தேதி ரொட்டியின் கதி தெரிந்தே.

நம் நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது என்றும், அதில் ஏறத்தாழ 4,000 டன் உண்ணத்தக்க நிலையில் இருப்பது என்றும் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகக் கழகம் கணக்குச் சொல்லி வந்திருக்கிறது. கேட்டதும் கண் முன் வருவது பேரங்காடித் தொட்டிதான். ஆனால் ஐக்கிய நாட்டு சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையில், 2022இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் கடைகளின் பங்கு சுமார் 13 கோடி டன். வீடுகளின் பங்கு 63 கோடி. உங்கள் மகன் இரவில் தேடிப் போவதை விடப் பெரிய தொட்டி நம் எல்லோருடைய அடுப்படியிலும் இருக்கிறது. பினாங்குத் தீவில் சேரும் குப்பை பத்து மாவுங் குப்பை மாற்று நிலையத்துக்குப் போய், கடலைத் தாண்டி, நிபோங் தெபால் பக்கம் பூலாவ் பூரோங்கில் கொட்டப்படுகிறது. 2022 ஜனவரியில் அங்கே பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்தது. அங்கே புதைகிற சோறும் காய்கறியும் காற்றின்றி மக்கி மீத்தேனாகின்றன.

வாங்கி வந்ததைப் பகிர்வது பற்றி இரண்டே சொற்கள். தரைத்தளத்தில், லிஃப்ட் பக்கத்தில் மேசை போடுங்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி "உங்களுக்குக் கஷ்டமாமே" என்று நிற்காதீர்கள். முதல் கிலோ தக்காளியை நீங்களே எல்லோரும் பார்க்க எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குப் பிறகு எடுக்க யாருக்கும் கூச்சம் இருக்காது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், மிக முதியவர்கள், சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, குளிரில் வைக்கும் பொருள்களைக் கொடுக்காதீர்கள்; லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வளரக்கூடியது. அவர்களுக்குக் காய்கறி, அரிசி, டின் போதும். ஒரு மணி நேரத்தில் மேசை காலியாக வேண்டும். காலியாகாத ஈரப் பொருளை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

மிஞ்சும் தோலையும் வாடிய இலையையும் என்ன செய்வது? நம் ஊரில் பல வீடுகளில் செய்யும் நொதிக் கரைசல் சுலபம்: வெல்லம் அல்லது பழுப்புச் சர்க்கரை ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள், முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். கண்ணாடிப் புட்டி வெடிக்கும். தரை துடைக்க அருமை. அது சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நாற்பது லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்று, உறைந்த ஜெல் பைகள் ஆறு, குத்திப் பார்க்கும் தெர்மோமீட்டர் ஒன்று. பெட்டியின் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று வாங்கும்போதும் மேசையில் வைக்கும்போதும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பெட்டி வாங்கும்போது சக்கரம் வைத்ததாகப் பார்க்கச் சொல்லுங்கள். அடுக்குமாடி லிஃப்டை நம்பி முட்டைக்கோஸ் சுமக்க முடியாது.